கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி: மலையில் கேட்ட கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பிறந்தவள் நான். வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் புரதங்களை உறையவைத்துப் படமெடுப்பது என் வேலை. தை மாதம் ஊருக்கு வந்தால், இலை எடை போடும் இடத்தில், ஊட்டி பஸ்ஸில், நான் படித்த பள்ளியில் என்று எங்கே போனாலும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். வாய்ப் பேச்சில் பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லு, அங்கே என்னதான் செய்கிறாய்?

ஒரு புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை மிக மிக வேகமாக உறையவைத்து, அதற்குள் எலக்ட்ரான்களைச் செலுத்திப் படமெடுக்கிறோம். இதைத்தான் கிரையோ முறை என்கிறோம். கிரையோ என்றால் கடுங்குளிர். ஒவ்வொரு படமும் மங்கலாகத்தான் இருக்கும். அப்படி லட்சக்கணக்கான மங்கல் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் அந்தப் புரதத்தின் முப்பரிமாண உருவம் கிடைக்கும். அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது வரை தெரியும்.

பள்ளி லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாதா?

முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக வெட்டினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் குறுக்கே ஆறு நானோமீட்டர் போலத்தான் இருக்கும். அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு நீண்ட அலையால் துழாவ முடியாது. 3 லட்சம் வோல்ட்டில் விரட்டப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளமோ 0.002 நானோமீட்டர்தான்.

உருவம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் எங்கள் வீட்டுக்கு எதிரே தைலக் கடை வைத்திருக்கும் மாமா. அவர் கடையில் இருந்தே பதில் சொல்கிறேன்.

நீலகிரித் தைலத்தை மூக்கருகே கொண்டுபோனால் சில்லென்று இருக்கிறது. உண்மையில் அங்கே எதுவும் குளிர்ந்துவிடவில்லை. தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். யூக்கலிப்டால் என்றும் சொல்வார்கள். நம் உணர்வு நரம்பு செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் டி.ஆர்.பி.எம்.8 என்று ஒரு புரதம் உண்டு. ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் பட்டால் அந்த வாசல் திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், "குளிர்கிறது" என்ற செய்தி மூளைக்குப் போகும். சினியோலும் புதினாவில் இருக்கும் மெந்தாலும் இதே வாசலைத் திறந்துவிடுகின்றன. 2002இல் இந்தப் புரதம்தான் குளிரை உணரும் வாசல் என்று அடையாளம் கண்டார்கள். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மெந்தால் மாதிரியான பொருள்கள் எந்த இடுக்கில் போய் உட்காரக்கூடும் என்பதெல்லாம் 2018இல்தான் தெரிய ஆரம்பித்தது. ஒரு சின்னப் பறவையின் டி.ஆர்.பி.எம்.8 புரதத்தைக் கிரையோ முறையில் பார்த்தபோது கிடைத்தது அது.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு: டி.ஆர்.பி.வி.1. அது சூட்டுக்குத் திறக்கும் வாசல். மிளகாயின் காரமும் இதைத்தான் திறக்கிறது, அதனால்தான் காரம் நமக்கு எரிச்சலாகத் தெரிகிறது. கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ், யிஃபான் செங் ஆகியோரின் குழுக்கள் 2013இல் இதன் உருவத்தை 3.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டன. பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தது ஒரு நானோமீட்டர். எங்கள் துறையில் அந்த வருஷத்தை யாரும் மறக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் இந்த முறையை "உருண்டை உருண்டையாக ஏதோ தெரிகிறது" என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். உணர்வு நரம்புகளின் இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காக ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

வலி மருந்து செய்பவருக்கு இந்த உருவம் ஒரு பூட்டின் உள்வடிவம் மாதிரி. சாவியை ராவிப் பார்க்க அது வேண்டும்.

உறையவைப்பது எதற்கு? அப்படியே தண்ணீரில் வைத்துப் பார்க்கலாமே?

எலக்ட்ரான் காற்றில் சிதறிவிடும். அதனால் நுண்ணோக்கியின் உள்ளே முழு வெற்றிடம்தான். வெற்றிடத்தில் தண்ணீர் நிற்காது, ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் போனால் புரதம் சுருங்கி உருக்குலையும். சரி, உறையவைத்தால் ஆவியாகாதே என்று தோன்றும். ஆனால் சாதாரணமாக உறையவைத்தால் இன்னொரு தொல்லை, அது நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்ததுதான்.

ஜனவரியில் வானம் தெளிந்து, காற்று அசையாமல் இருக்கும் ராத்திரிகளில் பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனி விழும். காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறினதும் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும். நெருப்பே இல்லாமல் கருகுகிறது. காரணம் பனிக்கட்டிப் படிகம். தண்ணீர் மெதுவாக உறைந்தால் மூலக்கூறுகள் வரிசை கட்டி நின்று படிகமாகும், ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். அந்தப் படிகம் இலையின் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, செல்லைக் கிழித்தும் விடும். எங்கள் வீட்டில் சின்னச் செடிகளைத் தாகைச் செடியின் தழையும் காய்ந்த புல்லும் போட்டு மூடுவோம்.

புரதத்துக்கும் இதே கதிதான். படிகம் வளர்ந்தால் புரதத்தை நசுக்கும், ஒதுக்கித் தள்ளும். போதாததற்கு, படிகமே எலக்ட்ரான்களைக் கண்டபடி சிதறடிக்கும், படத்தில் வேறெதுவும் தெரியாது.

எனவே தண்ணீர் உறையவும் வேண்டும், படிகமாகவும் கூடாது. வரிசை கட்ட நேரமே கொடுக்காமல், மூலக்கூறுகள் நின்ற நிலையிலேயே பிடித்துவிட வேண்டும். அதற்கு நொடிக்கு ஒரு லட்சம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் குளிர வேண்டும். அப்படி உறைந்த நீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒழுங்கே இல்லாத திடப்பொருள். நான் அதைக் கண்ணாடிப்பனி என்று சொல்வேன். புரதம் அதற்குள் தண்ணீரில் இருந்த அதே கோலத்தில் நிற்கும்.

அவ்வளவு வேகமாக எப்படிக் குளிரவைப்பீர்கள்?

இது என் கைவேலை. இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

கிரிட் என்று 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டச் சல்லடை இருக்கும். செம்பிலோ தங்கத்திலோ செய்தது. அதன் மேல் மெல்லிய கரிப்படலம். படலம் முழுக்க மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுக்குத் துளைகள். அதன் மேல் 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை விடுவேன். ஒரு மழைத்துளி அளவுதான். ஃபில்டர் பேப்பரால் சில நொடி ஒற்றி எடுத்தால், துளைகளில் 100 நானோமீட்டரை விட மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிஞ்சும். அடுத்த கணம் கிரிட் கீழே பாய்ந்து திரவ ஈத்தேனுக்குள் முங்கும். படலம் மெல்லியதாக இருப்பதால் உடனே கண்ணாடிப்பனி ஆகிவிடும்.

"திரவ நைட்ரஜன் −196 டிகிரி, ஈத்தேனை விடக் குளிர்ந்ததாயிற்றே, நேராக அதில் போட்டால் என்ன?" என்று பள்ளியில் ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே வற்றாமல் உருண்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தையாக நின்று சூட்டைத் தடுக்கிறது. திரவ நைட்ரஜன் அதன் கொதிநிலையிலேயே இருப்பது. அதில் கிரிட்டைப் போட்டால் நைட்ரஜன் கொதித்து, கிரிட்டைச் சுற்றி வாயு மெத்தை போட்டுவிடும், குளிர் மெதுவாகத்தான் ஏறும். ஈத்தேன் −183இல் உறையும், −89இல்தான் கொதிக்கும். அதனால் கொதிக்காமல் ஒட்டி நின்று சூட்டை இழுத்துக்கொள்ளும். நைட்ரஜனின் வேலை அந்த ஈத்தேனைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது.

அதன்பின் கிரிட் −140 டிகிரிக்கு மேல் சூடேறவே கூடாது. ஏறினால் கண்ணாடிப்பனி படிகமாக மாறத் தொடங்கும். ஒருமுறை நைட்ரஜன் மட்டம் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து சுத்தம் செய்த புரதத்தின் கிரிட்கள் எல்லாம் வீணாயின. அன்றிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை மட்டம் பார்த்து எழுதிவைக்கிறேன்.

இன்னொரு சங்கடம், காற்றும் நீரும் தொடும் மேற்பரப்பு. புரதங்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், சில பிரிந்தே போகும். சில ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். விலை உயர்ந்த நுண்ணோக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு வேலை வெல்வதும் தோற்பதும் இந்த 3 மைக்ரோலிட்டரில்தான்.

யார் கண்டுபிடித்தார்கள்?

தண்ணீரைக் கண்ணாடியாக உறையவைத்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஷாக் துபோஷே. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் அலஸ்டேர் மெக்டோவலோடு சேர்ந்து செய்தார். 1984இல் அவர் குழு வெளியிட்ட வைரஸ் படங்கள் சாயம் இல்லாமல், காயவைக்காமல், நீரில் மிதந்த கோலத்திலேயே இருந்தன. மங்கல் படங்களைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் வழியை வளர்த்தவர் யோவாகிம் ஃப்ராங்க். எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அணு நுணுக்கம் வரை போக முடியும் என்று விடாமல் வாதாடி, 1990இல் ஒரு புரதத்தில் செய்தும் காட்டியவர் ரிச்சர்ட் ஹென்டர்சன். மூவருக்கும் 2017இல் வேதியியல் நோபல். ஹென்டர்சன் அதே புரதத்தின் முதல் மங்கல் உருவத்தை 1975இலேயே வெளியிட்டவர். நடுவில் பதினைந்து வருஷம் பொறுமையாக இருந்திருக்கிறார்.

ஒரே படம் போதாதா? எதற்கு லட்சக்கணக்கில்?

எலக்ட்ரான் பட்டால் புரதம் சிதையும். ஆகவே மிகக் குறைவாகத்தான் பாய்ச்சலாம். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த போட்டோ மாதிரி படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். பழகாத கண்ணுக்குச் சாம்பல் நிறப் பலகைதான் தெரியும்.

ஊட்டிப் பக்கம் முத்தொரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் வேலை செய்கிறது. வானத்திலிருந்து வரும் மிக மெலிந்த அலைகளை அது அலுக்காமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். உண்மையான சமிக்ஞை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், இரைச்சல் தாறுமாறாக வரும். கூட்டக் கூட்டச் சமிக்ஞை வளரும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 100 படங்களைச் சேர்த்தால் 10 மடங்கு தெளிவு, 10,000 சேர்த்தால் 100 மடங்கு. எங்கள் வேலையும் இதே கணக்குதான். முத்தொரை தொலைநோக்கியும், பெங்களூரில் தேசிய கிரையோ நுண்ணோக்கி வசதி இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஆனால் எங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். புரதங்கள் பனிக்குள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடக்கும். தொட்டபெட்டாவை ஊட்டியிலிருந்து பார்த்தால் ஒரு வடிவம், கோத்தகிரியிலிருந்து பார்த்தால் வேறொரு வடிவம். எந்தப் படம் எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்ற குறிப்பே இல்லாமல் ஒரு லட்சம் போட்டோக்களைக் கையில் கொடுத்து, மலையைக் களிமண்ணில் செய்து காட்டு என்றால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் அதைத்தான் செய்கிறது. உத்தேசமாக ஒரு வடிவம் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் பொருத்தமான திசையைத் தேடி, வடிவத்தைத் திருத்தி, மறுபடி தேடி, இப்படியே பல சுற்று.

அப்படியானால் நினைத்ததையே கண்டுவிட மாட்டீர்களா?

மாட்டிக்கொள்ள முடியும். இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வகுப்பிலும் அவர் இப்படித்தான், விடையைச் சரிபார்க்காமல் நோட்டை மூட விடமாட்டார்.

இதற்கு ஒரு பெயர்போன உதாரணம் உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஆயிரம் படங்களை எடுத்து, ஐன்ஸ்டீனின் போட்டோவோடு பொருந்தும்படி நகர்த்திச் சேர்த்தால் ஐன்ஸ்டீன் முகமே வந்து நிற்கும்! உள்ளே எதுவுமே இல்லை. தேடினவர் கொண்டுவந்த முகம்தான் அது. 2013இல் ஹென்டர்சன் இதைக் காட்டி எல்லோரையும் எச்சரித்தார்.

அதனால் படங்களை முதலிலேயே இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியாகக் கணக்குப் போடுவோம். இரண்டும் எந்த நுணுக்கம் வரை ஒத்துப்போகின்றனவோ அதுவரைதான் நம்பலாம். கட்டிய உருவத்தையும் சோதிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் 1963இல் ஒரு வரைபடம் போட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று அது சொல்லும். இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் புரத உருவம் கட்டினாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சென்னையில் காகிதத்தில் போட்ட கணக்கு அறுபது வருஷத்துக்குப் பிறகு என் திரையில் தினமும் வந்து நிற்கிறது.

குன்னூர் என்றாலே நாய்க்கடி ஊசிதானே, அதற்கு இது உதவுமா?

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. ரேபிஸ் என்றால் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் அந்தக் கட்டடம்தான் ஞாபகம் வரும்.

ரேபிஸ் வைரஸ் தோட்டா வடிவத்தில் இருக்கும். அதன் மேல் முட்கள் மாதிரி ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். நம் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் அந்த முள்ளைப் பிடித்தால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் நிற்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் அந்த முள், நுழைவதற்கு முந்தைய நிலையில் எப்படி இருக்கிறது என்பதை 2022இல் கிரையோ முறையில் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால் அது எளிதில் வடிவம் மாறிவிடும். மாறிய வடிவத்தை உடலுக்குக் காட்டினால் நல்ல எதிர்ப்பு வராது. உருவம் கையில் இருந்தால், எந்த இடத்தில் ஆணி அடித்தால் மாறாமல் நிற்கும் என்று யோசிக்கலாம். கொரோனா வைரஸின் முள்ளில் இதைச் செய்தார்கள். புரோலின் என்ற அமினோ அமிலத்தை இரண்டு இடத்தில் வைத்து இறுக்கிய முள்ளின் உருவம் 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. அப்படி இறுக்கிய வடிவத்தையே எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் பயன்படுத்தினார்கள்.

நாய் கடித்தால் இப்போதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லா ஊசியும் போட்டு முடியுங்கள்.

கூடலூரில் சிக்கிள் செல் நோய் இருக்கிறதே, அதற்கு?

ஆதிவாசிக் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ் அக்கா கேட்டது இது. ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் இந்த நோயின் வேர். அதனால் ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நூலாகத் திரண்டு, ரத்த அணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடும். வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஹீமோகுளோபினின் உருவத்தை 1960 வாக்கிலேயே மாக்ஸ் பெரூட்ஸ் எக்ஸ்ரே வழியில் கண்டுவிட்டார். கிரையோ முறைக்கு அது மிகச் சின்னப் பொருள், 2017இல்தான் 3.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பிடிக்க முடிந்தது. அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: இந்த நுண்ணோக்கியால் நாளைக்கே மருந்து வந்துவிடாது. நேரத்தோடு ரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அமிலம், தேவைப்படுவோருக்கு ஹைட்ராக்ஸியூரியா மருந்து, தொடர்ந்த கவனிப்பு, இவைதான் இன்று உயிரைக் காப்பவை. அந்த வேலையை அவர்தான் செய்கிறார்.

எக்ஸ்ரே வழி இருக்கும்போது இது எதற்கு?

எக்ஸ்ரே வழிக்குப் புரதத்தைப் படிகமாக வளர்க்க வேண்டும். பல புரதங்கள் வருஷக்கணக்கில் முயன்றாலும் படிகமாகாது. முக்கியமாக, நான் சொன்ன தைலம், மிளகாய் வாசல்கள் மாதிரி செல் சவ்வில் பதிந்திருப்பவை. கிரையோவுக்குப் படிகமே வேண்டாம், புரதமும் கொஞ்சம் இருந்தால் போதும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் உருவத்தை எக்ஸ்ரே வழியில் கண்டு 2009இல் நோபல் பெற்றவர். பிற்பாடு அவருடைய ஆய்வகமே கிரையோவுக்கு மாறியது. படிகத்தில் அத்தனை வருஷம் உழைத்தவரே இந்தப் பக்கம் வந்ததை விட வேறு சாட்சி வேண்டாம்.

கம்ப்யூட்டரே புரத உருவத்தைச் சொல்லிவிடுகிறதாமே?

ஆல்ஃபாஃபோல்ட் என்ற மென்பொருளைச் சொல்கிறீர்கள். உண்மையிலேயே பெரிய சாதனை, அதைச் செய்தவர்களுக்கு 2024 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. நாங்களும் தினம் பயன்படுத்துகிறோம். ஆனால் அது கற்றுக்கொண்டதே, 1971 முதல் உலகம் சேர்த்துவைத்த புரத உருவக் கிடங்கிலிருந்துதான். புரதம் மருந்தோடு சேரும்போது எப்படி நெளிகிறது, பத்துப் புரதங்கள் கூடினால் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்ற இடங்களில் அது தடுமாறுகிறது. அது சொல்வதை ஊகம் என்று வைத்து, பனிக்குள் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் முறை என்பேன்.

ஊட்டியில்தான் இவ்வளவு குளிர்கிறதே, இங்கேயே ஒன்று வைக்கலாமே?

நம் குளிர் பூஜ்யத்தைச் சுற்றி. அங்கே வேண்டியது −180. அதைவிட, மூடுபனி எங்களுக்கு எதிரி. காற்றில் ஈரம் இருந்தால் கிரிட்டின் மேல் உறைபனி படியும். மூச்சுக் காற்று பட்டாலே படியும் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் கிரிட்டை மாற்றுவேன். அறை உலர்ந்திருக்க வேண்டும், தரை அதிரக் கூடாது, கரண்ட் போகக் கூடாது. கருவியின் விலையும் 50 லட்சம் டாலருக்கு மேல். பெங்களூர் தூரமில்லை.

பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள். இதற்கு என்ன படிக்க வேண்டும்?

இயற்பியல், வேதியியல், உயிரியல், கம்ப்யூட்டர், எதிலிருந்தும் வரலாம். எங்கள் ஆய்வகத்தில் நான்கிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நிதானமான கையும், தோற்ற பரிசோதனையைத் திரும்பச் செய்யும் மனசும் உள்ள பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள்.

காத்திருக்கவும் வேண்டாம். உலகம் எடுத்த கிரையோ படங்களில் பல இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். அவற்றைச் சேர்த்து உருவமாக்கும் ரிலையான் என்ற மென்பொருளும் இலவசம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். முடிந்த உருவங்களைப் பார்க்க ஃபோனே போதும். புரத உருவக் கிடங்கின் பக்கத்தில் டி.ஆர்.பி.எம்.8 என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் வரும், விரலால் திருப்பிப் பார்க்கலாம். போன வாரம் தைலக் கடை மாமாவுக்குக் காட்டினேன். நான்கு துண்டுகள் வட்டமாகக் கைகோர்த்து, நடுவில் ஒரு துளை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைலம் எந்தப் பக்கமா உள்ளே போகும்?" என்று கேட்டார். மெந்தாலுக்கான பள்ளம் என்று ஆய்வாளர்கள் காட்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.